சத்துவாச்சாரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: அம்மாவை எந்த வழியாக அனுப்புவது?

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று ராத்திரி அம்மா இரண்டு கேள்வி கேட்டாள். "எவ்ளோ தூரம்டா?" "எவ்ளோ நேரம் ஆவும்?" முதல் கேள்விக்குப் போனிலேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

தங்கச்சி கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். அக்டோபரில் பிரசவம். செப்டம்பர் கடைசிக்குள் அம்மா அங்கே இருக்க வேண்டும், பிப்ரவரியில் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, சுகர் மாத்திரை, வலது முட்டியில் தேய்மானம். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை, துணைக்கு ஆளும் இல்லை. எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். இதே நிலைமையில் தெருவுக்கு ஒரு வீடாவது இங்கே இருக்கும் என்பதால் நான் போட்ட கணக்கை எழுதி வைக்கிறேன்.

தூரம் பார்க்கும் எந்த இணையதளத்தில் போட்டாலும் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சுமார் 13,900 கிலோமீட்டர் என்று வருகிறது. பெங்களூருவிலிருந்து போட்டால் கிட்டத்தட்ட 13,990. அதாவது சென்னைதான் எண்பது கிலோமீட்டர் போலக் கிட்டே. அதற்குக் கீழேயே பதினேழு மணி, பதினெட்டு மணி என்று பயண நேரம் ஒன்று போட்டிருக்கும். அதை நம்பி யாரும் டாக்ஸி பேசிவிட வேண்டாம். தூரத்தை மணிக்கு 800, 850 என்று ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்த எண் அது. சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானமே கிடையாது என்பதும், எங்கள் வீடு மீனம்பாக்கத்தில் இல்லை என்பதும் அந்தக் கணக்குக்குத் தெரியாது.

நூல் போகும் வழி

சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் அம்மா விரலை வைத்து, அரபுக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று நேராக மேற்கே இழுத்துக்கொண்டு போனாள். "இப்டித்தானே போவும்?" என்றாள். ஆறாங்கிளாஸ் படிக்கும் என் மகள் உள்ளே ஓடி, பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய எட்டு அங்குலக் குளோபைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்த நூலில் ஒரு முழம் அறுத்தோம். ஒரு நுனியைச் சென்னைமேல் நான் கட்டை விரலால் அழுத்திக்கொள்ள, மறு நுனியை மகள் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தாள். தொய்வு போனதும் நூல் தானாக வடக்கே நகர்ந்தது. திபெத், சீனா, மங்கோலியா, சைபீரியா, ரஷ்யாவின் வடகிழக்கு மூலை, அலாஸ்கா, அப்படியே கீழே இறங்கிக் கலிபோர்னியா. ஸ்கேலில் வைத்தால் 22 சென்டிமீட்டர். அந்தக் குளோபில் ஒரு சென்டிமீட்டருக்கு 630 கிலோமீட்டர் போல வரும், பெருக்கிப் பார்த்தால் போனில் வந்த அதே எண். அம்மாவுக்கு இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது என்று நினைக்கிறேன். "அமெரிக்கா மேற்கே இல்லையா அப்ப? தலைக்கு மேல இருக்குதா?" என்றாள்.

நூல் போகிற வழியில் விமானம் போகுமா என்றால், பெரும்பாலும் போகாது. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கும் மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கியாக வேண்டும், பயணிகள் மூச்சுவிட வேண்டுமே. திபெத்துக்கு மேலே அப்படி இறக்கினால் கீழே இருப்பது மலை. அதனால் முடிந்தவரை அந்தப் பக்கமே போவதில்லை. அடுத்த தடை நாடுகள் மூடி வைக்கும் வான்வெளி. உக்ரைன் போருக்குப் பிறகு 2022லிருந்து அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதே வருஷம் ஜூனில் ஒருநாள் கத்தார் சில மணி நேரம் மூடி, வளைகுடா வழிப் பயணங்கள் எல்லாம் குழம்பிப்போயின.

மூன்றாவது விஷயம் காற்று. என் முடிவையே மாற்றியது அதுதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போலக் காற்று ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். கிழக்கே போகிற விமானத்தை அது முதுகில் கைவைத்துத் தள்ளும், மேற்கே போகிறதை மார்பில் தள்ளும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாக ஓட்டியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புது வழி 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக, பதினாலரை மணியில் போய் இறங்கியது. இதைப் படித்த அன்றோடு கிலோமீட்டர் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வாசலிலிருந்து வாசலுக்கு

எந்த வழியாகப் போனாலும் மாறாத செலவு ஒன்று உண்டு. ஏர்போர்ட்டில் மூன்றரை மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் இமிக்ரேஷன் வரிசையும் பெட்டி எடுப்பதுமாக ஒன்றரை மணி, பிறகு தங்கச்சி வீட்டுக்கு முக்கால் மணி கார். ஆக ஐந்தே முக்கால் மணி எப்படியும் போய்விடும். மீதியில்தான் வித்தியாசம்.

பெங்களூருவை முதலில் பார்த்தேன், எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அந்த நேரடி விமானத்தைத் தொடங்கியபோது, முழுக்கப் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாக பெங்களூருவுக்கு ஓட்டி வந்தது பேப்பரில் எல்லாம் வந்தது. அதன் பிறகு அது நின்றது, மறுபடி ஓடியது. அதனால் டிக்கெட் எடுக்கிற வாரத்தில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பறப்பது பதினாறரை மணி. வேலூரிலிருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு ஐந்து மணி. மொத்தம் 27¼ மணி. எல்லா வழியிலும் இதுதான் குறைவு.

ஆனால் அந்த ஐந்து மணியைச் சும்மா சொல்லிவிட முடியாது. ஏர்போர்ட் பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போனால் ஊர் முழுக்கக் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். போன வருஷம் தங்கச்சியை ஏற்றிவிடப் போனபோது அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு தாண்டுவதற்குள் ஒரு மணி நாற்பது நிமிஷம் போயிற்று, மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. காட்பாடியைத் தாண்டி சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஓசகோட்டே என்று போகிற வழிதான் சரி. 220 கிலோமீட்டர் சொச்சம், பலமநேர் ஏற்றம் ஒன்றுதான் தொல்லை, ஊருக்குள்ளேயே நுழைய வேண்டாம். சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை முழுசாகத் திறந்துவிட்டால் இந்தக் கணக்கு இன்னும் குறையும். எப்படியானாலும் முட்டித் தேய்மானத்தோடு ஐந்து மணி கார், பிறகு ஒரே மூச்சில் பதினாறரை மணி சீட். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நடுவுல எங்கியும் எறங்கி நடக்க முடியாதா?"

முடியாது. அதோடு அது கழிந்தது.

இனி எல்லாம் சென்னையிலிருந்து. வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு வாலாஜா, காஞ்சிபுரம் பைபாஸ், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், பல்லாவரம் என்று மூன்று மணி. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கேயே மெட்ரோ பிடித்தால் ஏர்போர்ட் வாசல். தனி ஆளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. 23 கிலோ பெட்டி இரண்டும் அம்மாவும் என்றால் கார்தான்.

டெல்லி போய் மாறுவதை ஒரே வரியில் தள்ளிவிட்டேன். ரூலர் வைத்தால் 14,130 கிலோமீட்டர்தான், ஒரு இடம் மாறுகிற வழிகளில் தூரத்தில் இதுவே குறைவு. பாகிஸ்தான் வான்வெளி மூடியபின் அங்கிருந்து போகிற நீண்ட விமானங்களின் நேரம் நிலையாக இல்லை. தவிர, உள்நாட்டு விமானத்தில் வந்து இறங்கி இமிக்ரேஷனைத் தனியாக டெல்லியில் முடிப்பது, இந்தி தெரியாத அம்மாவுக்கு வேண்டாத வேலை.

துபாய் வழி சுமார் 16,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நாலேகால் மணி, நாலு மணி காத்திருப்பு, பிறகு பதினாறு மணி. வாசலுக்கு வாசல் 33. விமானங்கள் நிறைய, சாப்பாடு நன்றாக இருக்கும், அந்த ஏர்போர்ட்டில் தமிழ் பேச ஆளும் கிடைக்கும். ஆனால் பெங்களூருவை எதற்காக வேண்டாம் என்றோமோ, அந்தப் பதினாறு மணி உட்கார்ச்சி அப்படியே இருக்கிறது. காத்திருந்தது மட்டும் மிச்சம்.

சிங்கப்பூர் வழி 16,500. துபாயைவிட ஐந்நூறு கிலோமீட்டர் அதிகம். நேரமோ ஒரு மணி குறைவு: நாலேகால், காத்திருப்பு நாலு, பிறகு பசிபிக் மேலே காற்றோடு சுமார் பதினைந்து மணி. மொத்தம் 32. இது காற்று கொடுத்த லாபம்.

ஹாங்காங் வழியைத்தான் நான் மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தேன். 14,830 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஐந்தரை மணி, மூன்று மணி காத்திருப்பு, அப்புறம் பன்னிரண்டரை மணி. மொத்தம் 30க்குள். எந்த உட்கார்ச்சியும் பதின்மூன்று மணியைத் தொடவில்லை. தினமும் தோதான நேரத்தில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும், சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான். காகிதத்தில் இதை அடிக்க ஆளே இல்லை.

ஃபிராங்க்ஃபர்ட் வழி 16,740. பத்தரை மணி, மூன்று மணி காத்திருப்பு, பதினொன்றரை மணி. மொத்தம் 33¾, எல்லாவற்றிலும் அதிகம். ஆனால் இரண்டு துண்டும் சமம். ஒரு ராத்திரித் தூக்கம், இறங்கி நடை, ஒரு பகல். லண்டன் வழியும் ஏறக்குறைய இதே கதை.

திரும்பி வருகிற கணக்கு

டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் போகிற வழியை மட்டும் பார்க்கிறார்கள். அதே வழியில் திரும்பினால் காற்று எதிரே வரும். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பதினைந்து மணி என்றால், திரும்பும்போது பதினேழு. ஹாங்காங் பன்னிரண்டரை போய்ப் பதினாலரை ஆகும். அதுவும் பிப்ரவரியில், காற்று வேகமாக இருக்கிற மாசத்தில்.

ஐரோப்பா வழியாகத் திரும்பினால்? கலிபோர்னியாவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கிழக்கே, சுமார் பதினொரு மணி. அங்கிருந்து சென்னையும் கிழக்கேதான், ஒன்பதரை மணி. பறக்கிற மொத்த நேரத்தில் சிங்கப்பூர் வழிக்கும் இதற்கும் முக்கால் மணிக்குமேல் வித்தியாசமில்லை. ஆனால் பதினேழு மணி உட்கார்ச்சி பதினொன்றாகக் குறைகிறது. போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்துவிடலாம், காற்று ஒருதடவைகூட எதிரே வராது.

இதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள். "முருகன் சுத்துன மாதிரியா? அப்ப பழம் எனக்குக் கெடைக்காதே."

இப்படிப் போகவர வேறு வேறு கம்பெனியில் எடுப்பது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்சாவும் ஸ்டார் அலையன்ஸில் இருக்கின்றன. ஹாங்காங்கின் கத்தே பசிபிக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்டில். அதனால் சிங்கப்பூர் போய் ஃபிராங்க்ஃபர்ட் வருவதையும், ஹாங்காங் போய் லண்டன் வருவதையும் ஒரே டிக்கெட்டாகக் கேட்டுப் பார்க்கலாம். சில வாரம் விலை ஏறும், சில வாரம் ஏறாது, நாலைந்து தேதி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டாக மட்டும் எடுக்கக்கூடாது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்துக்காரன் நம்மைக் கண்டுகொள்ளமாட்டான், பெட்டியையும் நாமே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் மாறுவதற்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு ஊரில் மாறுகிற டிக்கெட் மலிவாக வந்தால் எடுக்காதீர்கள். முதலில் இறங்குகிற ஊரில் இமிக்ரேஷன், பெட்டி எடுத்துத் திரும்பப் போடுவது எல்லாம் நடக்கும். முதல் தடவை போகிற வயசானவர்களுக்கு அது பரீட்சை.

ஹாங்காங்–லண்டன் என்று நான் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசும் படித்தாள்.

"ஹாங்காங்குல எறங்குனா நான் யார்கிட்டடா பேசுவேன்?"

வீல்சேர் சொல்லி வைத்திருப்போம், அவர்களே அடுத்த விமானம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள், பேசவே வேண்டாம் என்றேன்.

"தள்ளிகினு போவான். எனக்கு ஒண்ணுக்குப் போவணும்னா இன்னான்னு சொல்லுவேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. சென்னையிலிருந்து போகிற விமானத்தில் பாதிப்பேர் தமிழ்க்காரர்கள், இறங்குகிற இடத்திலும் வேலைக்காரர்களில் யாராவது ஒருவர் "வாங்கம்மா" என்பார். நான் இரண்டேகால் மணி நேரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன், அம்மா பேச்சுத் துணையைத் தேடிக்கொண்டிருந்தாள். முட்டியை நான் பார்த்துக்கறேன், நீ சிங்கப்பூரே போடு என்று முடித்துவிட்டாள். நீளத் துண்டில் நடைபாதை ஓர சீட், இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து பின்னால் வரைக்கும் நடந்துவிட்டு வருவது என்று பேச்சு. திரும்புவதற்கு ஃபிராங்க்ஃபர்ட், அதற்குள் ஐந்து மாசம் அமெரிக்காவில் இருந்திருப்பாள், "டாய்லெட்" என்று கேட்கவாவது வந்துவிடும்.

மாத்திரைக்கு ஒரு தாள் தனியாக எழுதினேன். செப்டம்பரில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி பின்னால், நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை மாற்றியபின் பதின்மூன்றரை. ராத்திரி பகலாகிவிடுவதால் எந்த மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுத் தமிழில் எழுதி, மாத்திரையோடு கைப்பையில் வைத்தாயிற்று. பெட்டியில் போட்டால் நடுவழியில் கைக்கு வராது. பெட்டியில் போவது தங்கச்சி கேட்ட ஆற்காடு மக்கன் பேடா, வடகம், பிரசவ மருந்துச் சாமான். வேலூர் முள்ளுக் கத்திரிக்காயும் கேட்டாள். பச்சைக் காய்கறியை அங்கே சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொன்னதில் அம்மாவுக்குத்தான் வருத்தம்.

கடைசியாகக் கிளம்புகிற நாளும் நேரமும். இங்கேதான் என் கணக்கு எல்லாம் போய் அம்மாவின் கணக்கு தொடங்கியது. போக வரக் கிழக்கே என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேனா, திங்களும் சனியும் கிழக்கே சூலம், ஆகாது. வியாழக்கிழமைக்கு எடுத்தோம். விமானம் ராத்திரி பதினொன்றுக்கு மேல். நாலு மணிக்குக் கார் வந்தால் போதும் என்று நான் முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் சாயந்திரம் கம்பெனி பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வரும், வாலாஜாவிலிருந்து நடக்கிற சாலை வேலையும் இன்னும் முடியவில்லை. இரண்டு மணிக்கே கிளம்பிவிடலாம் என்றேன். வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம். கார்க்காரரிடம் மூன்று ஐந்துக்கு வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறது.